போர் எதிர்ப்பும் சிப்பாயின் மனவுறுதியும்: வியட்நாமில் உண்மையில் எது உடைந்தது?

போர்க்காலத்தில் அரசை எதிர்த்து யார் வாய் திறந்தாலும் முதலில் வந்து விழும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: களத்தில் நிற்கும் சிப்பாயின் மனவுறுதியைக் குலைக்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உயிரைக் கொடுக்கப் போனவனிடம், நீ போயிருக்கவே வேண்டாம் என்று ஊரே சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஆனால் இது ஊகித்துப் பேசி முடிக்கிற விஷயமல்ல. தேதி போட்டுக் கணக்குப் பார்க்க முடிகிற விஷயம். அதற்கு வியட்நாம் போரைவிட நல்ல களம் கிடைக்காது. அமெரிக்காவில் எதிர்ப்பு அவ்வளவு பெரிதாக இருந்தது. அமெரிக்கத் தரைப்படை சீர்குலைந்ததும் உண்மை. இரண்டும் ஆண்டுவாரியாகப் பதிவாகியிருக்கின்றன.

மனவுறுதி என்பதைப் படைத்துறையில் யாரும் நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்கென்று சில குறிகள் உண்டு. விடுப்பு முடிந்தும் திரும்பாதவர்கள் எத்தனை பேர், அவர்களில் 30 நாளைத் தாண்டி 'தப்பியோடியவர்' கணக்கில் ஏறியவர்கள் எத்தனை பேர், ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், காயமில்லாமல் மருத்துவக் கூடாரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர், ரோந்து போனதாக வானொலியில் சொன்ன தூரத்துக்கும் உண்மையில் போன தூரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம். இதில் கடைசிக் குறியை எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அதுதான் முதலில் மாறும்.

அமெரிக்கத் தரைப்படையில் தப்பியோடியவர்கள் 1966இல் ஆயிரத்துக்குச் சுமார் 15 பேர். 1968இல் 29. 1969இல் 42, 1970இல் 52, 1971இல் 73. இந்த ஏணியை மட்டும் காட்டி, பாருங்கள், ஊர்வலங்கள் பெருகப் பெருகப் படை ஓடியது என்று சொல்லிவிடலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்தால் கதை மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், அதே தரைப்படையில் ஓடியவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 63 பேர். அப்போது அமெரிக்காவில் போர் எதிர்ப்பு என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. செய்திக்குத் தணிக்கை இருந்தது. நாடே ஒரே குரலில் பேசியது. அப்படியும் வியட்நாமின் 1970ஆம் ஆண்டுக் கணக்கைவிட அதிகம் பேர் ஓடினார்கள். ஆக, தப்பியோட்டத்துக்கு எதிர்ப்புக் குரல் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வியட்நாம் காலத்தில் ஓடியவர்களில் பெரும்பாலோர் வியட்நாமிலிருந்து ஓடவில்லை. காட்டிலிருந்து எங்கே ஓடுவது? அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த முகாம்களிலிருந்தே அதிகம் ஓடினார்கள். அதனால் களத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று அறிய வேறு இடத்தில் தேட வேண்டும்.

மரணக் கணக்கும் எதிர்பார்த்த திசையில் இல்லை. 1968இல் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். 1971இல் 2,500க்கும் கீழே. சாகும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்த ஆண்டில் படை கட்டுக்கோப்பாகவே சண்டை போட்டது. சாவு எண்ணிக்கை ஏழில் ஒரு பங்காகக் குறைந்தபோது கலைந்தது. 1967 அக்டோபர் 21இல் வாஷிங்டனில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டு, அதில் பெருங்கூட்டம் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனை நோக்கி நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் அதே படை வடக்கு வியட்நாம் தரப்பு நடத்திய டெட் பெருந்தாக்குதலை எதிர்கொண்டு, ஹுவே நகரை வீடு வீடாகச் சண்டையிட்டு மீட்டது.

ஊர்வலக்காரர்களைப் பற்றிச் சிப்பாய்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் ஒருவர் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். சமூகவியலாளர் சார்லஸ் மாஸ்கோஸ் 1965இலும் 1967இலும் வியட்நாம் களத்தில் சாதாரணச் சிப்பாய்களோடு இருந்து பேசினார். போராட்டக்காரர்கள் மீது அவர்களுக்கு இருந்தது கடும் வெறுப்பு. அந்த வெறுப்பில் அரசியலைவிட வர்க்கம் அதிகம். கல்லூரியில் படித்தால் கட்டாய ஆள்சேர்ப்பிலிருந்து தள்ளிவைப்பு கிடைக்கும். படிக்க வழியில்லாதவன் துப்பாக்கி தூக்குவான். அந்தச் சலுகையில் உட்கார்ந்துகொண்டு கொடி பிடிப்பவன் சொல்வதை இவன் ஏன் கேட்கப் போகிறான்? அதே சிப்பாய்களிடம் போரின் நோக்கம் பற்றிக் கேட்டால் பெரிய பற்று எதுவும் வெளிப்படவில்லை. தேசபக்த முழக்கங்களும் அவர்களை உசுப்பவில்லை, எதிர்ப்பு முழக்கங்களும் உலுக்கவில்லை. அவர்கள் மனம் முழுக்க ஊர் திரும்பும் தேதியில் இருந்தது.

இந்தத் தேதிதான் விஷயத்தின் கரு.

வியட்நாமுக்குப் போன தரைப்படைச் சிப்பாய்க்குத் தவணை 12 மாதம், மரைன் படையினருக்கு 13 மாதம். ஒரு கம்பெனி, அதாவது நூறு பேர் அளவிலான ஒரு படைப்பிரிவு, மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் தனியாகப் போய், தனக்கான நாளில் தனியாகக் கிளம்பினார்கள். கம்பெனித் தளபதிகளையும், பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனின் தளபதிகளையும் சுமார் ஆறு மாதத்தில் மாற்றினார்கள். பதவி உயர்வுக்குக் களத் தலைமை அனுபவம் தேவை. எல்லா அதிகாரிக்கும் ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்பது கணக்கு. விளைவு என்ன? வந்து சேர்ந்த முதல் மாதம் எதுவும் தெரியாது, பழையவர்கள் புதியவனோடு ஒட்ட மாட்டார்கள். ஐந்தாறு மாதத்தில் தேர்ந்துவிடுவான். பத்தாவது மாதம் முதல் நாட்காட்டியில் கட்டம் அடிக்கத் தொடங்குவான், ரோந்தில் முன்னால் நடக்க மாட்டான். எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் கம்பெனியின் உட்பிரிவான ஒரு பிளாட்டூனில் பாதிப்பேர் கற்றுக்குட்டிகள் அல்லது கிளம்பத் தயாரானவர்கள். மேலே இருக்கும் அதிகாரிக்கோ காடு பழகும்போது மாற்றல் உத்தரவு வந்துவிடும்.

இது ஏன் கெடுதல் என்பதை 1948லேயே எழுதி வைத்திருந்தார்கள். எட்வர்ட் ஷில்ஸும் மோரிஸ் ஜானோவிட்ஸும் கைதான ஜெர்மன் படையினரை ஆராய்ந்து, தோல்வி உறுதியான பிறகும் அவர்கள் ஏன் சண்டையிட்டார்கள் என்று பார்த்தார்கள். நாஜிக் கொள்கைப் பிடிப்பு ஓரளவுக்குத்தான் உதவியது. சேர்ந்தே பயிற்சி பெற்று, சேர்ந்தே களத்துக்கு வந்து, சேர்ந்தே உண்ட சிறு குழுவின் பிணைப்புதான் அவர்களை நிறுத்தியது. அந்தக் குழு சிதறிய இடத்தில்தான் சரணடைவு தொடங்கியது. அமெரிக்கத் தலைமை இருபது ஆண்டு கழித்து அந்தக் குழுவைத் தானே நிர்வாக உத்தரவால் கலைத்துக்கொண்டது. எந்த ஊர்வலமும் இவ்வளவு சேதம் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து.

படை பெருத்துக்கொண்டிருந்தவரை இந்தக் குறை மறைந்திருந்தது. 1969 ஏப்ரலில் அமெரிக்கப் படை 5,43,000ஐத் தாண்டி உச்சம் தொட்டது. ஜூன் 8இல் மிட்வே தீவில் தென் வியட்நாம் அதிபர் தியூவுடன் நின்று, முதல் தவணையாக 25,000 பேரைத் திருப்பி அழைப்பதாக நிக்சன் அறிவித்தார். அன்றிலிருந்து சிப்பாயின் கணக்கு மாறிவிட்டது. போரை வெல்லப் போவதில்லை, கிளம்பப் போகிறோம் என்று அதிபரே சொல்லிவிட்டார். இனி ஒரு மலையைப் பிடித்து என்ன ஆகப் போகிறது? கடைசியாகச் சாகப் போவது யார் என்பதுதான் மிச்சக் கேள்வி. அது தான் அல்ல என்று உறுதி செய்துகொள்வதே ஒவ்வொருவனின் வேலையாயிற்று.

இதற்குச் சில நாள் முன்பு நடந்த ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் எதிர்ப்பும் மனவுறுதியும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரியும். லாவோஸ் எல்லையருகே, ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் 937 என்ற எண்ணிட்ட மலை. சிப்பாய்கள் வைத்த பெயர் ஹாம்பர்கர் குன்று. மே 10 முதல் 20 வரை 101ஆவது வான்வழிப் படையினரை ஒரே சரிவில் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 370 பேர் காயப்பட்டார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே தங்கள் பட்டாலியன் தளபதியைத் திட்டி, அங்கே வந்த ஏபி செய்தி நிறுவனச் செய்தியாளரிடம் சிப்பாய்கள் பேசிவிட்டார்கள். அது அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்தது. அதைப் படித்த செனட்டர் எட்வர்ட் கென்னடி மே 20இல் செனட்டில் எழுந்து, இது அர்த்தமற்ற பலி என்று கண்டித்தார். ஜூன் 5இல் படை அந்த மலையைக் கைவிட்டு இறங்கியது.

கென்னடியின் பேச்சு சிப்பாயின் மனதைக் கெடுத்தது என்று அப்போது தளபதிகள் கோபப்பட்டார்கள். வரிசையைப் பாருங்கள்: மலை, பிறகு சிப்பாயின் வசை, பிறகு செய்தி, பிறகு செனட்டர். களத்தில் பிறந்த எதிர்ப்பு தலைநகருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜூன் 27 இதழில் லைஃப் பத்திரிகை ஒரே வாரத்தில் இறந்த 242 பேரின் படங்களை வரிசையாக அச்சிட்டபோது, அவர்கள் எல்லோரும் அந்த மலையில் இறந்தவர்கள் என்று நாடு எண்ணிக்கொண்டது. உண்மையில் மிகச் சிலரே அங்கே இறந்தவர்கள். ஆனால் அந்தத் தவறான எண்ணம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மலை ஏற்கெனவே மக்கள் மனதில் ஏறியிருந்ததுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சோங் சாங் பள்ளத்தாக்கில் 196ஆவது பிரிகேடின் ஒரு கம்பெனி நகர மறுத்தது. ஐந்து நாள் விடாத சண்டை, கடும் வெயில், கம்பெனியின் பலம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரில் இருந்தவர்களின் உடல்களை மீட்க மறுபடி அதே பதுங்கு குழிகளை நோக்கிப் போகச் சொன்னார்கள். அனுபவமில்லாத இளம் கம்பெனித் தளபதி, என் ஆட்கள் போக மறுக்கிறார்கள் என்று வானொலியில் சொன்னார். பட்டாலியன் தலைமை ஒரு மூத்த சார்ஜென்டை அனுப்பியது. அவர் யாரையும் கைது செய்யவில்லை. உட்கார்ந்து கேட்டார். தூக்கமில்லை, வெந்த சோறில்லை, கடிதம் வரவில்லை, உதவி வரவில்லை என்று கொட்டினார்கள். 15 பேர் மட்டுமே மிஞ்சிய இன்னொரு கம்பெனி இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார் அவர். அது பொய் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பேசியபடியே அவர் நடக்க, ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் வாஷிங்டன் ஊர்வலம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இதன் பிறகு வந்தவை கசப்பானவை. 'தேடி அழி' என்ற உத்தரவு 'தேடிப் பார், ஒதுங்கிப் போ' என்றானது. ரோந்துக் குழு முகாம் வேலியைத் தாண்டிச் சில நூறு மீட்டர் போய் உட்கார்ந்துவிடும்; மணிக்கொரு முறை பொய்யான வரைபடப் புள்ளிகளை வானொலியில் சொல்லும். துடிப்பான அதிகாரி வந்தால் ஆபத்து. முதலில் அவர் கூடாரத்துக்குள் புகைக்குண்டு உருளும், அது எச்சரிக்கை. அடுத்தது கண்ணீர்ப்புகை. மூன்றாவது நிஜமான கையெறி குண்டு. துப்பாக்கித் தோட்டா என்றால் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம், இதைக் கண்டுபிடிக்க முடியாது, கைரேகையும் மிஞ்சாது. பென்டகன் கணக்கில் இப்படிப்பட்ட சம்பவங்கள் 1969இல் 96, 1970இல் 209. பின்தள முகாம்களில் சில தளபதிகள் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1971 ஜூனில், ஊர் திரும்பும் ஒவ்வொரு சிப்பாயின் சிறுநீரையும் ஹெராயினுக்காகச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவே கறுப்பர்களின் கோபம் தனியாக எரிந்தது. 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு சில தளங்களில் வெள்ளையர்கள், ஒரு காலத்தில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் கொடியை ஏற்றினார்கள். ஆகஸ்ட் 29இல் லாங் பின் ராணுவச் சிறையில் கலவரம் வெடித்தது. அதே மாதம் டெக்சாசின் ஃபோர்ட் ஹூட் முகாமில், சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே கூடுவோரை அடக்கும் பணிக்குத் தயாராக இருக்கச் சொன்னபோது 43 கறுப்பினச் சிப்பாய்கள் மறுத்துக் கைதானார்கள். பலர் வியட்நாமிலிருந்து திரும்பி வந்தவர்கள். எதிரியோடு சண்டை போட்டது போதும், சொந்த மக்கள்மேல் ஏவாதே என்பது அவர்கள் நிலை. இதை மனவுறுதிக் குறைவு என்று எழுதிக்கொள்வது அலுவலகத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

எதிர்ப்பு இயக்கம் படைக்குள் எதையுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. செய்தது, ஆனால் குறிப்பிட்ட வழிகளில் செய்தது. 1967-68இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஃபோர்ட் ஜாக்சன் முகாமுக்கு அருகே 'யூஎஃப்ஓ' என்ற காபிக் கடையைச் செயற்பாட்டாளர்கள் திறந்தார்கள். பிறகு ஃபோர்ட் ஹூட் அருகே 'ஓலியோ ஸ்ட்ரட்'. விடுப்பு மாலையில் சிப்பாய் போய் உட்கார, பாட்டுக் கேட்க, கூடவே ஒரு வழக்கறிஞரின் முகவரி கிடைக்க ஓர் இடம். அங்கிருந்து சிப்பாய்களின் எதிர்ப்புப் பத்திரிகைகள் கிளம்பின. 1967இல் மூன்றே மூன்று இருந்தவை, 1971இல் 144 என்று ஓய்வுபெற்ற மரைன் கர்னல் ராபர்ட் ஹைன்ல் கணக்குச் சொன்னார். பட்டாலியன் தளபதியைப் பற்றிய கேலி, விடுப்பு விதிகள், மனசாட்சி காரணமாக விலகுவதற்கான படிவத்தை நிரப்பும் முறை, எல்லாம் அவற்றில் வந்தன. 1969 நவம்பர் 9இல் பணியிலிருந்த 1,365 படையினர் பெயர் போட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்கப் போர் எதிர்ப்பு விளம்பரம் கொடுத்தார்கள். தனியே முனகிக்கொண்டிருந்தவனுக்கு, முனகுவது தான் மட்டுமல்ல என்று தெரிந்தது. ஏற்கெனவே இருந்த மனக்குறைக்குச் சொல்லும் வழியும் கிடைத்தது.

ராணுவத் தலைமையும் இதைப் புரிந்துகொண்டிருந்தது. 1969 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை ஓர் உத்தரவு வெளியிட்டது. அதன்படி சிப்பாய் எதிர்ப்புப் பத்திரிகையை வைத்திருப்பது குற்றமல்ல. முகாமுக்குள் விநியோகித்தால், ஒழுங்குக்கும் மனவுறுதிக்கும் தெளிவான ஆபத்து என்று தளபதி காட்டினால் மட்டுமே தடை. பேச்சை அடக்கினால் வழக்கு வரும், வழக்கு செய்தியாகும், செய்தி இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கும் என்பது 1967இல் போரை எதிர்த்துப் பேசிய ராணுவ மருத்துவர் ஹோவர்ட் லெவிக்கு மூன்றாண்டு தண்டனை கொடுத்தபோதே தெரிந்துவிட்ட பாடம்.

எதிர்ப்பின் பெரிய விளைவு சிப்பாயிடம் நேராகப் போகவில்லை, அதிபர் வழியாகப் போனது. 1969 இலையுதிர் காலத்தில் வடக்கு வியட்நாம்மீது பெருந்தாக்குதல் நடத்த நிக்சனிடம் ஒரு திட்டம் இருந்தது. நவம்பர் 1 என்று கெடுவும் வைத்திருந்தார். அக்டோபர் 15இல் நாடெங்கும் லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தித் தெருவில் நின்றார்கள். தன் மிரட்டலின் மதிப்பை அந்த ஆர்ப்பாட்டம் அழித்துவிட்டது என்று பின்னர் அவரே எழுதினார். தாக்குதல் கைவிடப்பட்டது, படைக் குறைப்பு தொடர்ந்தது. ஊர்வலம் அரசியல் தலைமையை நெருக்கியது. தலைமை வெற்றி என்ற இலக்கைக் கைவிட்டது, ஆனால் போரை நிறுத்தவில்லை. இலக்கில்லாத போரில் நாலு வருடம் ஆட்களைக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் மனவுறுதியைக் கொன்றது. அதற்கு ஊர்வலக்காரர் பாதிப் பொறுப்பு என்று சொல்பவரோடு விவாதிக்கலாம். முழுப் பொறுப்பு என்பவரோடு விவாதிக்க ஒன்றுமில்லை.

எதிர்ப்புக் குரலை மிக அதிகமாகக் கேட்க நேர்ந்த அமெரிக்கப் படையினர் யார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவர்கள் ஹனாய் சிறைகளில் இருந்த கைதிகள். பெரும்பாலோர் விமானிகள், அதிகாரிகள். ஊர்வலச் செய்திகளையும் அமெரிக்கப் போர் எதிர்ப்பாளர்களின் பேச்சுகளையும் ஒலிபெருக்கியில் அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. அப்படியும் அவர்களில் பெரும்பாலோர் குலையவில்லை. காரணம் சுவரில் இருந்தது. எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, முதலில் வரிசை எண், பிறகு நிரல் எண் என்று விரலால் தட்டுவார்கள். 25 கட்டத்தில் 26 எழுத்து அடங்காது என்பதால் 'கே'வை விட்டுவிட்டு 'சி'யே இரண்டுக்கும். புதிதாக வந்தவனுக்குப் பக்கத்துச் சுவர் இதைக் கற்றுக்கொடுக்கும். இரவில் கடைசிச் செய்தி 'ஜி.பி.யூ', கடவுள் உன்னைக் காக்கட்டும். சித்திரவதை தாங்காமல் எதையாவது ஒப்புக்கொண்டவனை யாரும் ஒதுக்கவில்லை. திரும்பி வந்து சுவரில் சொல், மறுபடி எழுந்து நில் என்பது மூத்த அதிகாரிகளின் விதி. இந்தத் தொடர்பு வலைக்கு வெளியே, தெற்கில் பிடிபட்டவர்களில் எட்டுப் பேர் போரைக் கண்டித்து அறிக்கைகள் கொடுத்தார்கள். குழு இருந்தால் ஒலிபெருக்கி ஒன்றும் செய்யாது. குழு இல்லாத இடத்தில்தான் அது வேலை செய்கிறது.

கர்னல் ஹைன்ல் 1971 ஜூனில் எழுதிய கட்டுரையில் வியட்நாம் படையின் நிலையை 1917 பிரெஞ்சுக் கலகங்களோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு அவர் நினைத்ததைவிட ஆழமானது. முதல் உலகப் போரின்போது, 1917 ஏப்ரல் 16இல் பிரெஞ்சுத் தளபதி நிவெல், 48 மணி நேரத்தில் முன்னணியை உடைத்துவிடுவேன் என்று சொல்லி ஷமீன் தே தாம் முகட்டில் தாக்கினார். பத்து நாளில் சுமார் 30,000 பேர் செத்தார்கள். மே, ஜூன் மாதங்களில் படையில் பாதிக்கு மேற்பட்ட டிவிஷன்களில் ஏதாவது ஒரு வகையில் கீழ்ப்படியாமை. அகழிகளைக் காலி செய்யவில்லை, ஜெர்மானியரைத் தடுப்போம், ஆனால் இனித் தாக்க மாட்டோம் என்றார்கள். பின்புலத்திலிருந்து வந்த அமைதிவாதத் துண்டறிக்கைகளே காரணம் என்று தலைமை நம்பியது. உள்துறை அமைச்சர் மல்வி பதவி இழந்து நாடு கடத்தப்பட்டார். ஐம்பது ஆண்டு கழித்து, கி பெத்ரொன்சினி என்ற வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பகத்தைத் திறந்து பார்த்தார். கலகங்கள் எல்லாப் படைப்பிரிவிலும் சமமாகப் பரவவில்லை, நிவெல் தாக்குதலில் சிக்கிய பகுதியையும் பிரிவுகளையும் சுற்றியே குவிந்திருந்தன. துண்டறிக்கைதான் காரணம் என்றால் அது எல்லா முன்னணிக்கும் போயிருக்க வேண்டுமே.

புதிய தளபதி பெத்தான் செய்த வைத்தியம் அதைவிட நல்ல சாட்சி. 500க்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டாலும் சுட்டது ஐம்பதுக்கும் குறைவான பேரை. பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பு என்று அட்டவணை போட்டார். விடுப்பு ரயில்கள், நிலையங்களில் உணவகம், படுக்கை, களத்தில் சூடான உணவு, ஓய்வு முகாம்கள். தாக்குதல்களைச் சிறிதாக்கி, எதிரி நிலைகளைப் பீரங்கிகளால் நொறுக்கிய பிறகே நடத்தினார். அக்டோபரில் லா மல்மேசான் சண்டையில் அதே படை ஜெயித்தது. நோய் பேச்சில் இருந்திருந்தால் சோற்றிலும் விடுப்பிலும் குணமாகியிருக்காது.

ஜெர்மனியில் இதே குற்றச்சாட்டு அரசியல் ஆயுதமானது. 1918 ஜனவரியில் பெர்லினில் மட்டும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது படையின் முதுகை முறித்திருந்தால், இரண்டே மாதத்தில், மார்ச் 21இல், மேற்கு முன்னணியில் அத்தனை வேகமாகத் தாக்கியிருக்க முடியாது. படை உடைந்தது அந்தத் தாக்குதல் தோற்ற பிறகு. செப்டம்பர் 29இல் போர் நிறுத்தம் கேட்டது ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப். கடற்படையினரின் கீல் துறைமுகக் கலகம் நவம்பரில். ஆனால் 1919 நவம்பரில் முன்னாள் தலைமைத் தளபதி ஹிண்டன்பர்க் விசாரணைக் குழுவின் முன் நின்று, படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். அந்தப் பொய்யை நாஜிகள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது எல்லோரும் அறிந்தது.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தையும் தவிர்க்க முடியாது. இந்திய அமைதிப் படை 1987 ஜூலையில் இலங்கைக்குப் போனது, 1990 மார்ச் 24இல் கடைசித் தொகுதி கிளம்பியது. ஏறக்குறைய 1,200 பேரைப் பறிகொடுத்துத் திரும்பிய படையை வரவேற்கச் சென்னையில் முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் நிலைப்பாடு. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் 1987 அக்டோபர் 21, 22இல் அந்தப் படை செய்த கொலைகளை அறிந்தவர்கள் அந்த நிலைப்பாட்டை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. அந்தப் படையில் இருந்தவர்கள் இன்றும் ஆறாமல் பேசுவது அந்த வரவேற்பைப் பற்றி. அந்த வலி உண்மையானது. ஆனால் அது சண்டை முடிந்த பிறகு வந்தது. களத்தில் அவர்களைத் தடுமாற வைத்தவை வேறு: அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பி அங்கே போராக மாறியது, எதிராளியைப் பற்றிய தகவல் போதாமை, கடைசியில் அழைத்த கொழும்பு அரசே வெளியேறச் சொன்னது. சண்டையிடும் துணிவு வேறு, தான் செய்ததற்குப் பொருள் இருந்ததா என்று பிற்பாடு எழும் கேள்வி வேறு. ஊரின் எதிர்ப்பு இரண்டாவதைத்தான் ஆழமாகத் தொடுகிறது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கும் அதுவே நடந்தது.

2022இல் தொடங்கிய ரஷ்ய-உக்ரைன் போரிலும் இதே கோடுகள் தெரிகின்றன. ரஷ்யா 2022 மார்ச் 4இல் படையைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் போட்டது. தெரு எதிர்ப்பு அடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் ரஷ்யாவுக்காகச் சண்டையிட்ட வாக்னர் என்ற கூலிப்படை டாங்கிகளோடு மாஸ்கோவை நோக்கிக் கிளம்பியது. அதை நடத்தியவர் போர் எதிர்ப்பாளர் அல்ல. தோட்டா தரவில்லை, ஆட்களை வீணாகச் சாகடிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர். உக்ரைனில் 2023 இலையுதிர் காலம் முதல் சிப்பாய்களின் மனைவிகள் கீவ் தெருக்களில் நின்றார்கள். அவர்கள் போரை எதிர்க்கவில்லை. முதல் நாளிலிருந்து களத்தில் இருப்பவர்களை மாற்றி அனுப்புங்கள், பணிக்கு ஒரு முடிவுத் தேதி சொல்லுங்கள் என்றார்கள். 2024 ஏப்ரலில் வந்த ஆள்சேர்ப்புச் சட்டத்தில் 36 மாதத்துக்குப் பிறகு விடுவிப்பது என்ற பிரிவு முதலில் இருந்தது; ராணுவத் தலைமை கேட்டுக்கொண்டதால் வாக்கெடுப்புக்கு முன் அதை நீக்கிவிட்டார்கள்.